கேட்டதைப் 'படித்தேன்' என்று சொல்லலாமா?

ஒரு வாசகர் கேட்டது:

"தெரிந்தவர் ஒருவர் இந்த வருஷம் 40 புத்தகம் படித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நோண்டிக் கேட்டால் அதில் 35 ஒலிநூல். காதில் மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போயிருக்கிறார், அவ்வளவுதான். இதற்குப் பெயர் படிப்பா? என்னைக் கேட்டால் ஏமாற்று வேலை. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்."

ஜூன் 2, இரவு

மறுக்கிறேன். அவர் ஏமாற்றவில்லை, எண்ணிக்கை சொன்னதுதான் தப்பு. எத்தனை புத்தகம் என்று எண்ணிச் சொல்கிறவர்கள் கண்ணால் படித்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

படிப்பது கண்ணின் வேலை மட்டும்தான் என்றால் பிரெய்லை எங்கே வைப்பீர்கள்? விரல் நுனியால் தடவி ஒரு நாவலை முடித்தவர் அதைப் படித்ததாகச் சொன்னால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. விரலுக்குத் தந்த சலுகையைக் காதுக்குத் தந்தால் என்ன குறைந்துவிடும்?

ஜூன் 2, அரை மணி கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். பிரெய்ல் உதாரணம் எனக்கே எதிராகப் போகிறது. பிரெய்லில் எழுத்து இருக்கிறது. விரல் ஒவ்வோர் எழுத்தாக நகர்கிறது, வேண்டுமானால் பின்னால் போகிறது, சின்ன லகரமா பெரிய ளகரமா என்பது விரலுக்குத் தெரியும். ஒலிநூலில் இது எதுவும் இல்லை. ஆக பிரெய்ல் உங்கள் கட்சிச் சாட்சி. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

ஜூன் 3

"ஒலிநூல் என்பது சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபை, அதாவது ஒலியை ஓர் உருளையில் பதிந்து திரும்ப ஒலிக்க வைக்கும் கருவியைச் செய்தார். அடுத்த வருஷமே அது எதற்கெல்லாம் பயன்படும் என்று எழுதிய பட்டியலில், பார்வையற்றவர்களுக்குத் தானாகப் பேசும் புத்தகத்தையும் சேர்த்திருந்தார். ஆனால் அந்த உருளையில் சில நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. நாவலுக்கு எங்கே போவது?

பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகம் நிஜமாக வந்தது 1930-களில்தான். அமெரிக்காவில் 1934, பிரிட்டனில் 1935. முதல் உலகப் போரில் பார்வை இழந்து திரும்பிய படைவீரர்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வளர்ந்த பிறகு பிரெய்ல் பழகுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அப்போதிருந்த சாதாரண இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் ஓடும். ஒரு நாவலை அதில் ஏற்றினால் தட்டுகளைத் தூக்கவே ஆள் வேண்டும். அதனால் மெதுவாகச் சுழன்று நிறைய நேரம் ஓடுகிற தட்டை இவர்களுக்காகவே செய்தார்கள். பாட்டுக்கான நீண்ட நேர இசைத்தட்டு சந்தையில் வேரூன்றியது 1948-க்குப் பிறகு. பாட்டு ரசிகர்களுக்கு முன்னாலேயே புத்தக ரசிகர்களுக்கு அந்த வசதி வந்துவிட்டது. சோம்பேறிகளுக்கு இவ்வளவு பாடு படுவார்களா?

ஜூன் 4, காலை

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எங்கிருந்து பேசுகிறேன் என்று தெரியாது.

கண்ணில் ஓர் அறுவை சிகிச்சை. ஆறு வாரத்துக்குப் படிக்கக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மற்ற இரண்டும் எனக்குப் பிரச்சினை இல்லை. அதுவரை ஒலிநூலை நானும் உங்களைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் ஒரு நாவலைப் போட்டுவிட்டுப் படுத்தேன். கதாநாயகன் ஊரை விட்டு ஓடப் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். கண் விழித்தபோது அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தை. யாரைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் பின்னால் போக வேண்டியிருந்தது. தூக்க நேரம் வைத்தால் தானாக நின்றுவிடும் பொத்தான் என்று ஒன்று இருப்பது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதல் வாரம் முழுக்க இதே கதைதான். விழித்திருந்தாலும் மனம் வேறு எங்கோ போயிருக்கும். திரும்பி வந்து பார்த்தால் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இது என் குறை மட்டும் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 2013-ல் கனடாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மௌனமாகப் படிப்பது, வாய்விட்டுப் படிப்பது, இன்னொருவர் படிக்கக் கேட்பது ஆகிய மூன்றிலும் எதில் மனம் அதிகம் அலைகிறது என்று பார்த்தார்கள். கேட்பதில்தான் அதிகம். வாய்விட்டுப் படித்தபோது மிகக் குறைவு. வாய்க்கு வேலை கொடுத்தால் மனம் ஓட முடியாது போல.

ஜூன் 4, மதியம்

புத்தகம் படிக்கும்போது மட்டும் மனம் அலைவதில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். அலையும். கண் பாட்டுக்குப் பக்கத்தின் அடிவரை இறங்கிப் போகும், ஒன்றும் ஏறியிருக்காது. ஆனால் பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடம் வந்ததும் கை தயங்கும், 'என்ன படித்தோம்?' என்று உறைக்கும். ஒலிநூலில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. நான் இல்லாமலேயே அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடும்.

ஜூன் 6

ஆய்வுகளைப் பற்றிக் கேட்டார்கள். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் தூக்கிக் காட்டச் சரக்கு இருக்கிறது. 2010-ல் வெளியான ஒன்றில், ஒரே பாடத்தை ஒரு குழு மாணவர்கள் கட்டுரையாகப் படித்தார்கள், இன்னொரு குழு ஒலிப்பதிவாகக் கேட்டார்கள். பிறகு தேர்வு வைத்தார்கள். கேட்டவர்கள் தெளிவாகப் பின்தங்கினார்கள். 2016-ல் வெளியான இன்னொன்றில், ஒரு புத்தகத்தின் சில பகுதிகளை ஒரு குழு படித்தது, ஒரு குழு கேட்டது, ஒரு குழு இரண்டையும் ஒன்றாகச் செய்தது. உடனே கேட்ட கேள்விகளிலும் சரி, இரண்டு வாரம் கழித்துக் கேட்டதிலும் சரி, குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஒலிநூல் கட்சிக்காரர்கள் இதை எல்லா இடத்திலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் படித்த குழு படித்தது மின்னூல் கருவியில். அச்சுப் புத்தகம் அந்தப் போட்டியிலேயே இல்லை. இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மூளையைப் படம் எடுத்தும் பார்த்திருக்கிறார்கள். 2019-ல் கலிஃபோர்னியாவில், ஒன்பது பேர், அதே கதைகள், ஒருமுறை காதால், ஒருமுறை கண்ணால். சொற்களின் பொருளைக் கையாளும் பகுதிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன. பொருள் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டால், எந்த வாசல் வழியாக வந்தது என்று மூளை பெரிதாகக் கவலைப்படுவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் நம்புவது 2022-ல் 46 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பை. மொத்தத்தில் வித்தியாசம் இல்லை என்றுதான் அதுவும் சொல்கிறது. ஆனால் படிக்கிறவர் தன் வேகத்தில் படிக்க விட்டால் படிப்புக்கு ஒரு சின்ன மேல்கை. நேரடியாகச் சொல்லாததை ஊகித்துப் புரிந்துகொள்ள வேண்டிய கேள்விகளிலும் அப்படியே.

'தன் வேகத்தில்' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதற்கு வருகிறேன்.

ஜூன் 6, இரவு

அப்புறம் எதற்கு, இப்போதே.

படிக்கும்போது கண் நேர்க்கோட்டில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாண்டித் தாண்டிப் போகிறது. அந்தத் தாண்டல்களில் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கித் தாண்டுபவை. நமக்குத் தெரியாமலே கண் திரும்பிப் போய் ஒரு சொல்லைத் தொட்டுவிட்டு வருகிறது. 2014-ல் சான் டியேகோவில் இதைத் தடுத்துப் பார்த்தார்கள். கண் தாண்டிப் போனதும் பின்னால் விட்ட சொற்கள் திரையில் மறைந்துவிடும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. புரிதல் குறைந்தது.

ஒலிநூல் கேட்பவன் முழு நேரமும் அந்தச் சோதனைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான். 15 நொடி பின்னால் போகும் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். ஒரு சொல்லைத் திரும்பத் தொட 15 நொடி தேவையில்லை, கால் நொடி போதும். கோடரியை எடுத்துக்கொண்டு பென்சில் சீவுகிற மாதிரி இருக்கிறது அந்தப் பொத்தான்.

ஜூன் 9

தமிழில் கேட்கிறவர்களுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு.

ஒரு கதையில் சிறைக் கைதி ஒருவன் 'அரத்தால் அறுத்துக்கொண்டிருந்தான்' என்று வந்தது. குரல் கொடுத்தவர் இரண்டு ரகரத்தையும் ஒரே மாதிரிதான் சொன்னார், இன்று முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம். 'அறத்தால் அறுத்துக்கொண்டிருந்தான்' என்று என் மூளை எழுதிக்கொண்டது. ஆஹா, எப்பேர்ப்பட்ட வரி, அறத்தையே ஆயுதமாகக் கொண்டு சிறையை அறுக்கிறான் என்று ஒரு நிமிடம் புல்லரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வரியில் இரும்புத் தூள் உதிர்ந்தது.

மரம், மறம். பனி, பணி. வாளை, வாழை. கண்ணுக்கு இவை குழப்பமே இல்லை. காது இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேர்ந்த குரல் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ழகரத்தை நாக்கில் ஏற்றாதவர் வாசித்தால் போச்சு.

ஜூன் 9, மறுபடி

நியாயமாகச் சொல்ல வேண்டும், தொல்லை எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறது. அச்சில் 'கோபி' என்று ஒரு பெயரைப் பார்த்தால் அதில் வருவது எந்தக் ககரம், எந்தப் பகரம்? பழகின பெயர் என்பதால் தெரிகிறது. மொழிபெயர்ப்பு நாவலில் வருகிற வேற்றுமொழிப் பெயர்களை நான் பாதி தப்பாகவே உச்சரித்துக்கொண்டு 400 பக்கம் போவேன். குரல் அதை முதல் பக்கத்திலேயே தீர்த்துவிடும்.

பழைய ஏடுகளில் இன்னும் மோசம். புள்ளி வைக்க மாட்டார்கள், சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள், துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்று போலிருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஓசை எங்கே சரியாக உட்காருகிறதோ அங்கே சொல்லைப் பிரிக்க வேண்டும். காதில்லாமல் கண் படித்ததே இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஜூன் 10

"கேட்டால் நேரம் மிச்சம்" என்று ஒருவர். இல்லை. ஆங்கில ஒலிநூல்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 160 சொல் போகும். மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி, 2019-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்த ஒரு கணக்கின்படி, கட்டுரை நூல்களுக்கு 238. படிப்புதான் வேகம். கேட்பதில் மிச்சமாவது கை.

ஜூன் 11

நேற்றைய எண்கள் ஆங்கிலத்துக்கு. அவற்றைத் தமிழுக்குத் தூக்கி வரக் கூடாது. அங்கே ஐந்தாறு சொல்லில் சொல்வதை நாம் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே மூச்சில் கட்டிவிடுவோம். சொல் கணக்கு இங்கே செல்லாது. படிப்பு முந்தும் என்பது மட்டும் நிற்கும், என் சொந்த அனுபவத்தில்.

ஆண்டு எண்களைச் சொல்ல மறந்துவிட்டேன். கண்ணுக்கு 1977 என்பது ஒரு சிமிட்டல். காதுக்கு 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு'. ஒரு வரலாற்று நூலில் ஒரே பத்தியில் ஆறு ஆண்டுகள் வந்தன. கடைசி ஆண்டு முடிவதற்குள் முதல் ஆண்டில் என்ன நடந்தது என்பது போய்விட்டது. சில இயந்திரக் குரல்களில் கேட்டால் இன்னும் வேடிக்கை, சுத்தத் தமிழில் போய்க்கொண்டே இருந்து எண் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவும்.

ஜூன் 15

வாய்ப்பேச்சு போதும் என்று நானே ஒரு சோதனை செய்தேன். 12 அத்தியாயமுள்ள ஓர் அறிவியல் நூல். ஒற்றைப்படை அத்தியாயங்களைக் கேட்டேன், இரட்டைப்படை அத்தியாயங்களைப் படித்தேன். ஒவ்வொன்றும் முடிந்த மறுநாள் காலையில், புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் இருந்ததை ஒரு தாளில் எழுதினேன். படித்தவை இரண்டு பக்கத்துக்குக் குறையவில்லை. கேட்டவை ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. முடிவு தெளிவு. முதலில் கேள்வி கேட்டவருக்கு இந்த ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

ஜூன் 16

விட்டுக்கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சோதனை செல்லாது. ஒன்று, கேட்ட அத்தியாயங்களைப் பாத்திரம் கழுவிக்கொண்டும் நடந்துகொண்டும் கேட்டேன், படித்தவற்றை மேசையில் உட்கார்ந்து படித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே படித்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? இரண்டு, படித்தவை நினைவில் நிற்கட்டும் என்று பென்சிலால் கோடு வேறு போட்டிருந்தேன். மூன்றாவதை என் தங்கை கண்டுபிடித்தாள்: படங்கள் உள்ள அத்தியாயங்கள் பெரும்பாலும் இரட்டைப்படையில் விழுந்திருந்தன. "அண்ணா, நீ ஜெயிக்க வைக்க வேண்டிய ஆளை முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் பந்தயமே வச்சிருக்கே" என்றாள்.

உட்கார்ந்து, கையில் வேறு வேலை இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு ஓர் அத்தியாயத்தைக் கேட்டும் பார்த்தேன். நன்றாகவே நினைவில் நின்றது. ஆனால் 40 நிமிடம் சுவரைப் பார்த்தபடி உட்கார எனக்குப் பொறுமை இல்லை. கைக்கு வேலை இருந்தால்தான் காது உட்காருகிறது, கைக்கு வேலை இருந்தால் காது பாதிதான் கேட்கிறது. இதற்கு எனக்கு விடை இல்லை.

ஜூன் 21

கை வேலை, காது கதை என்ற ஏற்பாடு பழையது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 வாக்கில் இதைத் தொடங்கினார்கள். கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து புகையிலை சுருட்டுவார்கள், மேடையில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிப்பார். என்ன வாசிப்பது என்பதைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தார்கள், வாசிப்பவருக்குக் கூலியும் அவர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அரசாங்கம் தடை போட்டது. கேட்கிறவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான் என்ற பயம் அரசாங்கத்துக்கு இருந்திருக்கிறது. முதலில் கேள்வி கேட்டவருக்கு அந்தப் பயம் கூட இல்லை!

தடையையும் மீறி அந்த வழக்கம் பிழைத்துக்கொண்டது. கேட்ட கதைகளின் பெயர்களே சில சுருட்டு வகைகளுக்குப் பெயராகி நின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 28

நினைவு எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அச்சுப் புத்தகத்தில் ஒரு வரி 'இடப்பக்கம், கீழே, முக்கால்வாசி தாண்டி' என்று நினைவில் நிற்கும். வலது கட்டைவிரலுக்கு அடியில் எத்தனை தாள் மிச்சம் என்பது தெரிந்துகொண்டே இருக்கும். கொலைகாரன் பிடிபட்டுவிட்டான், ஆனால் விரலுக்கடியில் இன்னும் அரை அங்குலம் இருக்கிறதென்றால் பிடித்தது தப்பான ஆள். ஒலிநூலில் அந்தத் துப்பு கிடைப்பதில்லை, துப்பறியும் கதைக்கு அது லாபம்தான்.

கேட்ட புத்தகங்களோ நான் இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கதையில் ராணி விஷம் குடிப்பது எனக்கு எப்போதும் மொட்டைமாடியில்தான் நடக்கும். கையில் ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்தப் போர்வையைத் துவைக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் செத்துப்போகிறாள்.

ஜூன் 30

மொழிக்கு வருவோம், முதல் கேள்வியே அதுதானே.

ஒலிநூலில் குரல் கொடுப்பவர் வாசிக்கிறார். நாம் வீணையையும் வாசிக்கிறோம், புத்தகத்தையும் வாசிக்கிறோம். கச்சேரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவன் 'நான் வீணை வாசித்தேன்' என்றால் சிரிப்பார்கள். ஆகவே ஒலிநூல் கேட்டவன் 'வாசித்தேன்' என்றால் அது பொய். இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'படித்தேன்'? ஒரு வித்துவானிடம் வருஷக்கணக்கில் பாட்டுக் கேட்டுக் கற்றவர் 'அவரிடம் படித்தேன்' என்றுதான் சொல்வார். கையில் தாள் இருந்திருக்கவே வேண்டாம். படித்தல் என்ற சொல் கண்ணுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது இல்லை. எனவே தீர்ப்பு: உங்கள் ஆள் 40 புத்தகம் படித்தார், 5 வாசித்தார்.

ஜூலை 1

நேற்றைய தீர்ப்பு ரொம்ப வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. வித்துவானிடம் படித்தவர் வெறுமனே கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. திரும்பப் பாடிக் காட்டினார், திட்டு வாங்கினார், மறுபடி பாடினார். நடைப்பயிற்சிக்காரர் யாரிடம் திட்டு வாங்கினார்?

ஜூலை 5

எதிர்பார்த்தபடியே ஒருவர் குறளைக் கொண்டுவந்துவிட்டார். கல்வி 40-ஆம் அதிகாரம், கேள்வி 42-ஆம் அதிகாரம், கற்காவிட்டாலும் கேள் என்றே வள்ளுவர் சொல்லிவிட்டார், இனி என்ன வாதம் என்கிறார்.

அதிகார எண்கள் சரி. ஆனால் அங்கே கேட்கச் சொல்வது எதிரில் ஒரு மனிதர் இருக்கும்போது. நம் மொழியில் 'கேள்' என்பதற்கு இரண்டு வேலை. செவி கொடுப்பதும் கேட்பது, வினவுவதும் கேட்பது. 'கேள்வி' என்றாலும் அப்படியே. பெரியவர் சொல்வதைக் கேட்கிறவன் நடுவில் 'அது எப்படி?' என்று கேட்கவும் கேட்பான். சொல்கிறவர் இவன் முகத்தைப் பார்த்தே, புரியவில்லை என்று தெரிந்து இன்னொரு தரம் சொல்வார். ஒலிநூலைக் கேட்கலாம், ஒலிநூலிடம் கேட்க முடியாது.

அச்சுப் புத்தகத்திடம் மட்டும் கேட்க முடியுமா என்று உடனே வருவீர்கள். வாயால் முடியாது. ஆனால் ஜூன் 6-ஆம் தேதி இரவு சொன்னேனே, கண் பின்னால் போய்த் தொட்டுவிட்டு வருவது? அது ஒரு வகைக் கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. 'இப்போது என்ன சொன்னாய்?' என்று கண் கேட்கிறது. புத்தகம் அலுத்துக்கொள்ளாமல் அதையே திரும்பச் சொல்கிறது. ஓரத்தில் பென்சிலால் போடும் கேள்விக்குறியும் அந்த ஜாதிதான்.

கண்ணா காதா என்பது தப்பான சண்டை என்ற முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறேன். நிறுத்துகிற உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு இப்போது முக்கியமாகத் தெரிகிறது.

ஜூலை 6

நேற்று எழுதியது என் சொந்தச் சரக்கு இல்லை, அம்மாவுடையது. அதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

அம்மாவுக்குப் பார்வை மங்கி நாலு வருஷம் ஆகிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு நான்தான் படித்துக் காட்டுவேன். ஒரு பக்கம் முழுசாக முடிக்க விட்டதே இல்லை. "நில்லுடா. அந்தப் பொண்ணு எதுக்கு அழறா?" "முன்னாடியே சொல்லிட்டாங்கம்மா." "சொன்னா என்ன, திரும்பப் படி." சில நாள் பாதி வரியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் தன் சித்தியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். ஏதோ ஒரு சொல் தட்டிவிட்டிருக்கும். பிறகு "ம், படி" என்பார்.

நான் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. இப்படிப் போனால் இந்த ஜென்மத்தில் இந்த நாவல் முடியாது என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "முடிஞ்சு என்ன ஆகணும் உனக்கு?" என்றார். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

கண் இல்லாமல், விரல் இல்லாமல், முழுக்கக் காதால் படிக்கிற ஒருவர் எனக்குத் தெரிந்து அவர்தான். நான் பல்கலைக்கழகத்தில் படித்ததை விட அவர் நன்றாகப் படிக்கிறார்.

ஜூலை 7

குரல் கொடுப்பவர்களைப் பற்றி ஒன்று. 'நல்ல மனுஷன்' என்ற வசனத்தை நேராகவும் சொல்லலாம், குத்தலாகவும் சொல்லலாம். அச்சில் அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும், முடிவு எனக்கு. ஒலிநூலில் எனக்கு முன்னால் ஒருவர் முடிவு செய்துவிடுகிறார். அவர் புத்திசாலியாக இருந்தால் எனக்குத் தோன்றாத ஒன்றைக் காட்டிக்கொடுப்பார். நான் ரொம்ப நாளாக வில்லன் என்று நினைத்திருந்த ஒரு மாமாவை ஒரு குரல் வெறும் பயந்தாங்கொள்ளியாக ஆக்கிவிட்டது. கேட்ட பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. அழும் இடத்தில் தானும் அழுகிற குரல்களை மட்டும் என்னால் தாங்க முடியாது. நீங்களே அழுதுவிட்டால் எனக்கு என்ன வேலை?

ஜூலை 19

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "சரி, நானும் ஒன்று கேட்டுப் பார்த்தேன், ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து மூன்று நாளில் முடித்தேன், ஒன்றும் நினைவில் இல்லை, நான் சொன்னதுதான் சரி" என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, ஒன்றரை மடங்கை யார் வைக்கச் சொன்னது? அரிசியை மென்று தின்றுவிட்டு, சோறு சரியில்லை என்றால் எப்படி? குரல் கீச்சென்று போகாமல் வேகத்தை மட்டும் கூட்டுகிற வித்தை இப்போது எல்லாக் கருவியிலும் இருக்கிறது, அதனால் அவசரம் நம் காதுக்கே தெரியாமல் போகிறது. வேகத்தைக் குறையுங்கள். வசனம் நிறைந்த நாவலாக எடுங்கள், அட்டவணையும் வரைபடமும் உள்ளதைத் தொடாதீர்கள். செய்யுள் என்றால் முதலில் கேளுங்கள், அப்புறம் படியுங்கள். அச்சில் சீர் பிரித்து நிற்பதைப் பார்க்கும்போது கண்ணுக்கு அது தடுக்கிவிடும் படிக்கட்டு. ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு தடுக்காது.

புரியாத இடத்தில் நிறுத்துங்கள். வெட்கப்படாமல் நிறுத்துங்கள்.

ஆகஸ்ட் 11

பத்து நாள் வெளியூர் வேலை. அம்மாவுக்குப் படித்துக் காட்ட ஆள் இல்லையே என்று, என் பழைய கைப்பேசியில் ஒரு நாவலை ஏற்றி, நிறுத்துகிற பொத்தான் மேல் அவர் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு பொட்டை ஒட்டிவிட்டுப் போனேன்.

நேற்று ராத்திரி திரும்பி வந்தேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை, உள்ளேயிருந்து குரல் வருகிறது. "டேய், வந்துட்டியா? இந்தாள் நல்லாத்தான் படிக்கறான், ஆனா எது கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேங்கறான். அந்த ரயில்ல வந்தவனும் இப்ப கடிதம் போட்டவனும் ஒரே ஆளா?"

எனக்கு எப்படித் தெரியும், அந்த நாவலை நான் படித்ததே இல்லை. அவர் 14-ஆம் அத்தியாயத்தில் நிற்கிறார். காலையிலிருந்து நான் முதல் அத்தியாயத்திலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். இப்போது நாலு முடிந்திருக்கிறது. ரயில் இன்னும் வரவில்லை.